மாடு மேய்த்தவர்களின் இராப்பாட்டு

"படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போவே" என்று நைனா என்னைத் திட்டிய பொழுதெல்லாம் என் கையில் இருந்தது மாடு மேய்த்தவர்களைப் பற்றிய புத்தகந்தான். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கௌபாய் என்னும் ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டதால், அதற்குள் ஒரு மாடும் ஒரு பையனும் இருப்பதை எங்கள் தெருவில் ஒருவரும் கவனிக்கவில்லை. கௌபாய் என்றால் எங்களுக்குத் தொப்பி, குதிரை, இடுப்புத் துப்பாக்கி, தூரத்தில் உச்சி தட்டையான ஒரு மலை. நாங்கள் படித்த படக்கதைகளில் மாடு அநேகமாக வருவதே இல்லை. மாட்டுக்காரப் பையன் என்று மொழிபெயர்த்து அட்டையில் போட்டிருந்தால், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு படிகூட விற்றிருக்காது.

அந்தப் படக்கதைகள் சிவகாசியிலிருந்து வந்தன. முத்து காமிக்ஸ் 1972இலும் லயன் காமிக்ஸ் 1984இலும் தொடங்கியவை. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலத்தில் இரண்டுமே கிடைத்தன, ஆனால் புதிதாக வாங்கக் காசு கிடையாது. நைனா துறைமுகத்தில் இரவு வேலை முடித்துத் திரும்பும் நாட்களில் எப்போதாவது மூர் மார்க்கெட் பக்கம் போய்ப் பழைய புத்தகக் கட்டு ஒன்று வாங்கி வருவார். 1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு, அந்தக் கடைக்காரர்களில் பலர் அல்லிக்குளத்துக்குப் போனார்கள், நாங்களும் அங்கே போனோம். எனக்கு மிகவும் பிடித்த நாயகன் டெக்ஸ் வில்லர். இத்தாலியில் 1948இல் பிறந்தவன். அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறம் மிலான் நகரத்தில் வரையப்பட்டு, சிவகாசியில் தமிழாகி, அல்லிக்குளத்தில் அரை விலைக்கு என்னை வந்தடைந்தது. கொசஸ்தலை ஆறு எண்ணூரில் கடலோடு கலக்கிறது என்பதை அறிவதற்கு முன்பே, ரியோ கிராண்டே எந்த இரு நாடுகளுக்கு நடுவே ஓடுகிறது என்பதை நான் அறிந்திருந்தேன்.

பிறகு நெடுங்காலம் அதெல்லாம் மறந்துபோயிற்று. நாற்பது வயதைக் கடந்த பின், இணையத்தில் தற்செயலாக ஒரு காணொளி கண்ணில் பட்டது. வெயிலில் காய்ந்து சுருங்கிய முகம் கொண்ட ஒரு கிழவர், தொப்பியைக் கழற்றாமல், கையில் தாள் ஏதும் இல்லாமல், ஒரு நீண்ட கவிதையை முழுவதும் மனப்பாடமாகச் சொன்னார். கூட்டம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது, மற்ற இடங்களில் மூச்சை அடக்கிக்கொண்டது. அவர் நெவாடா மாநிலத்தில் எல்கோ என்னும் சிற்றூரில் நடக்கும் மாட்டுக்காரர் கவிதைக் கூடுகையில் பேசிக்கொண்டிருந்தார். ஹால் கேனன் முதலிய நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் 1985 ஜனவரியில் அதைத் தொடங்கினார்கள். பண்ணைகளில் வேலை குறைந்திருக்கும் கடுங்குளிர் காலம் என்பதால் ஜனவரியைத் தேர்ந்தார்கள் என்று படித்தபோது, சபைக்கு வருகிறவர்கள் உண்மையாகவே பண்ணைக்காரர்கள் என்பது உறைத்தது. மூர் மார்க்கெட் எரிந்த அதே ஆண்டில் அந்தக் கூடுகை பிறந்தது. இதில் பொருள் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

துப்பாக்கிச் சண்டையை முதலில் ஒதுக்கிவிடலாம். அது பெரும்பாலும் கிழக்கு நகரங்களில் உட்கார்ந்து எழுதியவர்களின் சரக்கு. பத்து சென்ட் விலையுள்ள மலிவு நாவல்கள் 1860இல் வெளிவரத் தொடங்கின. பஃபலோ பில் 1883இல் நெப்ராஸ்காவில் தன் காட்டு மேற்குக் காட்சியைத் தொடங்கி, எல்லைப்புற வாழ்க்கையைச் சர்க்கஸ் போல ஊர் ஊராகக் கொண்டுபோனார். கான்சாஸின் ஐந்து மாட்டுச் சந்தை ஊர்களைப் பற்றி ஆராய்ந்த ராபர்ட் டைக்ஸ்ட்ரா என்னும் வரலாற்றாசிரியர், 1870 முதல் 1885 வரை அவற்றில் நடந்த கொலைகளை எண்ணிப் பார்த்து, மொத்தம் 45 என்று கண்டார். அந்த ஊர்களில் ஒன்றான டாட்ஜ் சிட்டியில், துப்பாக்கியோடு ஊருக்குள் நடமாடக் கூடாது என்று பலகையே எழுதி வைத்திருந்தார்கள். என் படக்கதைகளில் ஒரு மாலைப் பொழுதில் விழும் பிணங்களை வைத்துப் பார்த்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு 45 என்பது மிகச் சிறிய எண்.

மாட்டுக்காரன் செத்தது வேறு வழிகளில். உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டில் டெக்சாஸில் நீண்ட கொம்பு மாடுகள் பெருகிக் கிடந்தன. அங்கே நான்கு டாலருக்கு விலைபோன மாடு வடக்கே நாற்பது டாலர் பெறும் என்பதால், அவற்றை ரயில் வரும் இடம் வரை ஓட்டிக்கொண்டு போவது இலாபமான தொழிலாயிற்று. ஜோசப் மெக்காய் என்னும் வணிகர் 1867இல் கான்சாஸின் அபிலீன் ஊரில் மாட்டுக் கொட்டடிகளைக் கட்டினார். டெக்சாஸிலிருந்து வடக்கே மாடு ஓட்டிப் போகும் சிசோம் பாதை அந்த ஊரை நோக்கித் திரும்பியது. இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு மாடுகள் கொண்ட மந்தையைப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் ஓட்டினார்கள். ஒரு நாளுக்குப் பத்து முதல் பதினைந்து மைல், மொத்தம் இரண்டு மூன்று மாதங்கள், கூலி மாதத்துக்கு முப்பது நாற்பது டாலர். ஆற்றைக் கடக்கும்போது மூழ்கியும், குதிரையிலிருந்து விழுந்து அங்கவடியில் கால் மாட்டி இழுபட்டும், இடி விழுந்தும், மிரண்டு ஓடிய மந்தையின் காலடியில் சிக்கியும் செத்தார்கள். பாதையோரத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு மறுநாள் மந்தை நகர்ந்துவிடும்.

மாட்டுக்காரர்களின் பாடல்கள் பிறந்தது இரவில். மாலையில் மந்தையைப் படுக்க வைத்த பிறகு, இருவர் குதிரையில் ஏறி, எதிரெதிர்த் திசையில் அதைச் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஒருவரை ஒருவர் கடந்து போவார்கள். இரண்டு மணி நேரக் காவல் முடிந்தால் அடுத்த இருவரை எழுப்ப வேண்டும். கடிகாரம் இல்லாதவர்கள் துருவ நட்சத்திரத்தைச் சுற்றிச் சப்தரிஷி மண்டலம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்து நேரத்தைக் கணித்தார்கள். அந்த இரண்டு மணி நேரமும் அவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். தீக்குச்சி உரசும் ஓசையும் பாத்திரம் ஒன்று உருளும் ஓசையுங்கூட இரண்டாயிரம் மாடுகளை ஒரே கணத்தில் எழுப்பி ஓட வைத்துவிடும். பழகிய மனிதக் குரல் ஒன்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தால், இருட்டில் திடீரென்று வரும் வேறு ஓசை மாடுகளை அவ்வளவாகத் திடுக்கிட வைப்பதில்லை. எனவே தேவாலயப் பாட்டோ, சாராயக்கடைப் பாட்டோ, சொல் மறந்துபோன இடத்தில் வெறும் ஆலாபனையோ, எதுவானாலும் மெதுவாக, உரத்துப் போகாமல், நிற்காமல் பாட வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மாடுகள் எழுந்திருக்காமல் இருந்தால் அந்தப் பாட்டு நல்ல பாட்டு.

காசிமேட்டில் வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தொழிற்பாட்டு என்பது புதிதல்ல. ஆனால் அம்பாப் பாட்டு பல கைகளை ஒரே நேரத்தில் இழுக்க வைப்பது. ஒருவர் சொல்ல மற்றவர்கள் வாங்கிப் பாட, ஒவ்வோர் அடியின் முடிவிலும் கயிறு ஒரு முழம் உள்ளே வரும். மாட்டுக்காரனின் இராப்பாட்டில் வாங்கிப் பாட ஆள் இல்லை. எதையும் நகர்த்துவதற்காக அவன் பாடவில்லை; எதுவும் நகராமல் இருப்பதற்காகப் பாடினான். தனியாக இருக்கிற ஒருவன், தூங்கவும் முடியாமல், வேறு ஒன்றும் செய்யவும் முடியாமல், இரண்டு மணி நேரத்தை நிரப்ப வேண்டியிருந்தால், தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோன பிறகு புதிதாகக் கட்டத்தான் வேண்டும். அன்று பகலில் நடந்தது, போன மாதம் செத்தவன், கெட்ட சோறு போடும் சமையற்காரன், ஏறவே விடாத குதிரை என எல்லாம் பாட்டுக்குள் வந்தன.

இந்த இடத்தில் என் தாய்மாமனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் புளியந்தோப்பில் இருக்கிறார். ஆலை மூடப்படும் வரை தறியில் நின்றவர், அறுபது வயது வரை கானா பாடியவர். இன்றைக்கு கானா என்றால் திரைப்படத்தில் வரும் துள்ளல் பாட்டு என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் அது முதலில் சாவு வீட்டுப் பாட்டு. பிணத்தை வைத்துக்கொண்டு விடியும் வரை விழித்திருக்க வேண்டிய இரவில், பந்தலுக்குக் கீழே டோலக்கோடு ஒருவர் உட்கார்ந்து, செத்தவன் யார், யாரோடு பழகினான், எப்படி வாழ்ந்தான், எதில் ஏமாந்தான் என்பதைக் கட்டிக்கட்டிப் பாடுவார். இடையிடையே சிரிப்பும் வரும். மாமா எதையும் எழுதி வைத்ததில்லை. யாருக்காக எதைப் பாடினார் என்று கேட்டால், தெருவின் பெயரைச் சொல்லித்தான் நினைவுக்குக் கொண்டுவருவார். எல்கோவில் தாள் இல்லாமல் நின்ற கிழவரைப் பார்த்தபோது எனக்கு முதலில் தோன்றிய முகம் அவருடையதே. ஆகவே, படிக்கக் கிடைத்ததை எல்லாம் தமிழில் சொல்லி அவருக்குக் கேட்கக் கொடுப்பது என் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிவிட்டது.

மாமாவுக்கு மிகவும் பிடித்தது பாட்டுத் திருட்டுக் கதை. ஜாக் தார்ப் என்பவர் நியூயார்க்கின் வசதியான வீட்டுப் பிள்ளை. நியூ மெக்சிகோவுக்குப் போய் மாட்டுத்தொழிலில் இறங்கி, 1889 முதல் குதிரையிலேயே முகாம் முகாமாகச் சுற்றிப் பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டார். 1908இல் எஸ்டான்சியா என்னும் சிற்றூர் அச்சகத்தில், படி ஒன்றுக்கு ஆறு சென்ட் வீதம் தம் கைக்காசைக் கொடுத்து, 2,000 படிகள் அச்சிட்டார். மாட்டுக்காரர் பாட்டுகளுக்கென்று வந்த முதல் தொகுப்பு அந்த மெல்லிய புத்தகம். அதில் தாமே எழுதிய சில பாட்டுகளையும், தம் பெயரைப் போடாமல், கேட்டு எழுதியவற்றோடு கலந்து வைத்துவிட்டார். இரண்டே ஆண்டில், 1910இல், ஜான் லோமாக்ஸ் தம் பெருந்தொகுப்பை வெளியிட்டார். அவரும் ஊர் ஊராகச் சுற்றி, மெழுகு உருளையில் ஒலிப்பதிவு செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்தான். அந்தக் கருவியின் ஊதுகுழலுக்குள் பாட மாட்டேன் என்று பல மாட்டுக்காரர்கள் மறுத்துவிட்டார்களாம். ஆனால் அவருடைய தொகுப்பில், மந்தை மிரண்டு ஓடியபோது செத்துப்போன ஒரு சிறுவனைப் பற்றித் தார்ப் 1898இல் எழுதிய பாட்டு, எழுதியவர் பெயர் இல்லாமல், ஊர்ப்பொதுச் சொத்தாக இடம்பெற்றது. தார்ப்புக்கு ஆத்திரம் தீரவே இல்லை.

"அவுரு பேர போடாம வுட்டது அவுரு தப்பு. பாட்ட எட்த்தவன் மேல இன்னா தப்பு?" என்றார் மாமா. தாம் கட்டிய அடிகளைப் பின்னால் ஒலிநாடாவில் வேறொருவர் குரலில் கேட்ட அனுபவம் அவருக்கு உண்டு; அந்த மனிதர் யார் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார். நான் பேட்ஜர் கிளார்க்கின் கதையைச் சொன்னேன். தென் டகோட்டாவைச் சேர்ந்த அவர், காசநோய்க்காக அரிசோனாவின் வறண்ட காற்றைத் தேடிப் போய், ஒரு பண்ணையில் காவல் இருந்தபடி தம் சிற்றன்னைக்குக் கடிதத்தில் ஒரு கவிதை எழுதி அனுப்பினார். அந்த அம்மாள் மகனிடம் சொல்லாமலே அதை ஒரு பத்திரிகைக்கு அனுப்ப, பத்து டாலர் காசோலை வந்தது. இப்படிக் கவிஞரானவர் 1937இல் தம் மாநிலத்தின் அரசவைக் கவிஞராகவே ஆக்கப்பட்டார். ஆனாலும் அவர் எழுதிய மாட்டுக்காரன் பிரார்த்தனை என்னும் கவிதை, 'ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்ற குறிப்போடு வாழ்த்து அட்டைகளில் நாடெங்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த அட்டைகளை அவரே சேர்த்து வைத்தாராம். இதைக் கேட்ட மாமா, "அப்டித்தான் இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். எழுதுபவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவரிடம் வாதாட மனம் வரவில்லை.

தமிழில் சொல்லும்போது ஓசைதான் பெரிய தொல்லை. அவர்களுடைய கதைப்பாட்டு நான்கு அடி கொண்டது. அடிகளின் முடிவில் ஓசை ஒன்றி வர வேண்டும். குதிரையின் நடைக்கு ஏற்ப அது அமைந்தது என்று சொல்வாரும் உண்டு. நம் காது அடியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடுவது. இயைபை மட்டும் பிடித்துக்கொண்டு நான் செய்த முதல் மொழிபெயர்ப்பு பள்ளி ஆண்டுவிழாப் பாட்டு போல ஒலித்தது. மாமா முகத்தைச் சுளித்து, கைவிரல்களால் நாற்காலிக் கையில் தாளம் போட்டு, "இத்த டோலக்குல வெச்சா நிக்காது" என்றார். அதன் பிறகு சிந்து நடைக்கு மாற்றினேன், சற்றே நின்றது.

மொழியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாட்டுக்காரனின் சொற்களில் பாதி அவனுடையவை அல்ல. லாசோ, லாரியட், ரோடியோ, கொரால் ஆகிய எல்லாம் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. நெவாடாவில் மாட்டுக்காரனைக் குறிக்கும் பக்கரூ என்னும் சொல், மெக்சிகோ மாட்டுக்காரனின் பெயராகிய வக்கேரோ என்பதன் திரிபு. நைனா என்று தெலுங்கில் தகப்பனை அழைத்து, தோஸ்து என்று உருதுவில் நண்பனை அழைக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. சொல் வந்தது, கயிறு வீசும் வித்தையும் வந்தது, அவற்றைக் கொடுத்தவன் மட்டும் கதைக்குள் வரவில்லை. வந்தாலும் கோமாளியாகவோ கொள்ளைக்காரனாகவோ வந்தான். மாடோட்டியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. என் படக்கதைகளில் அப்படி ஒருவரைக்கூடப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. அடிமையாகப் பிறந்து, மாட்டுக்காரனாகப் பல ஆண்டுகள் உழைத்து, பிறகு ரயிலில் பணியாளரான நாட் லவ் 1907இல் தம் வாழ்க்கைக் கதையைத் தாமே எழுதி வெளியிட்டார். அதில் அளப்பு மிகுதிதான். ஆனால் வெள்ளைக்காரன் அளந்தால் காவியம், நாட் லவ் அளந்தால் பொய் என்று சொல்வது நியாயம் ஆகாது.

மெக்சிகோ வக்கேரோக்கள் மற்றவர் கதையில் இடம் கிடைக்கும் என்று காத்திருக்கவில்லை; தாங்களே பாடிக்கொண்டார்கள். கொரிடோ என்னும் அவர்களுடைய கதைப்பாட்டு வடிவத்தில், டெக்சாஸ் எல்லையில் கிடைத்த மிகப் பழையவற்றுள் ஒன்று, கான்சாஸுக்கு மாடு ஓட்டிப் போனதைப் பற்றியது. ஐந்நூறு காளைகளை முப்பது அமெரிக்க மாட்டுக்காரர்களால் கொட்டடிக்குள் அடைக்க முடியவில்லை. ஐந்து மெக்சிகோக்காரர்கள் வந்து கால் மணி நேரத்தில் அடைத்து முடித்தார்கள் என்று அது பெருமை பேசுகிறது. அதே பாட்டில், ஊர் திரும்பியவர்களிடம் ஒரு தாய் தன் மகனைக் கேட்கிறாள். காளை ஒன்று அவனைக் கொன்றுவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெருமையும் இழவும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வருவதை மாமாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பாடிய சாவு வீடுகளிலும் அந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

எல்லைப்புறம் என்கிறோமே, அது யாருக்கு எல்லை? மாட்டுப் பாதைகள் இன்றைய ஓக்லஹோமா வழியாக, அன்று பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தின் குறுக்கே போயின. தங்கள் புல்லை மேய்ந்து போகும் மந்தைக்குத் தலைக்கு இவ்வளவு சென்ட் என்று அவர்கள் சுங்கம் கேட்டார்கள். நிலத்துக்காரர் கேட்ட அந்தச் சுங்கத்தைப் பின்னாளில் கதை சொன்னவர்கள் மிரட்டிப் பறித்ததாகவோ இரந்து வாங்கியதாகவோ ஆக்கிவிட்டார்கள். இந்த இடத்தில் நான் மகிழ்ச்சியோடு குறிப்பிடும் பெயர் ஹென்றி ரியல் பேர்ட். குரோ என்னும் பூர்வகுடி இனத்தைச் சேர்ந்தவர், பண்ணைக்காரர், கவிஞர். 2009 முதல் 2011 வரை மொன்டானா மாநிலத்தின் அரசவைக் கவிஞராக இருந்தார். 2010இல் அவர் குதிரையில் ஏறி, 415 மைல் பயணம் செய்து, வழியில் சந்தித்தவர்களுக்குக் கவிதைப் புத்தகங்களைக் கொடுத்துக்கொண்டே போனார். டெக்ஸ் வில்லரின் எந்தச் சாகசமும் எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சி, கரந்தை என்று திணை வகுத்துப் பாடிய மொழி நம்முடையது. செங்கம் பகுதி நடுகற்களில் 'தொறு', அதாவது ஆநிரை, மீட்கப் போய்ப் பட்டவனின் பெயர் இன்னும் இருக்கிறது. நண்பர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த நான், இப்போது சற்றுத் தயங்குகிறேன். கலித்தொகையின் முல்லைக்கலியில் ஆயர்கள் ஏறு தழுவுகிறார்கள், ஆய்ச்சியர் பேசுகிறார்கள். ஆனால் அவர்கள் பேச்சைப் புனைந்தவர் புலவர். மாட்டோடு இரவில் விழித்திருந்த ஆயன், தனக்காக எதைப் பாடினான் என்பது நம்மிடம் எழுத்தில் இல்லை. டெக்சாஸ்காரனின் பாட்டு நம்மிடம் இருப்பதற்குக் காரணம் அவன் சிறந்த கவிஞன் என்பதன்று. தார்ப் போன்ற ஒரு பித்தர் குதிரையில் பின்னாலேயே போனதுதான்.

டெக்சாஸிலிருந்து மாடோட்டும் அந்தத் தொழில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளே நீடித்தது. ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி மேய்ச்சல் வெளியைத் துண்டு துண்டாக்கியது, ரயில் தெற்கே டெக்சாஸுக்கே வந்துவிட்டது, 1886-87 குளிர்காலத்தில் வடக்குச் சமவெளியில் மாடுகள் இலட்சக்கணக்கில் செத்தன. ஆனால் கவிதை அதன் பிறகுதான் பெருகிற்று. புரூஸ் கிஸ்கேடன் என்பவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1878இல் பிறந்து, கொலராடோவிலும் அரிசோனாவிலும் மாட்டுவேலை செய்தவர், சினிமா வேலையைத் தேடி லாஸ் ஏஞ்சலஸ் வந்து, கடைசியில் ஒரு ஓட்டலில் பெட்டி தூக்கும் பணியாளர் ஆனார். 1950இல் இறக்கும் வரை, மணி அடிக்காத இடைவேளைகளில் உட்கார்ந்து, அவர் எழுதியதெல்லாம் மாட்டு முகாமின் காலைக் குளிரும் ஈரச் சேணமும் காப்பிப் பானையும் பற்றியே. ஆலை மூடி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தறியின் ஓசை கனவில் வருகிறது என்று மாமா சொல்லுவார். கிஸ்கேடனின் பெயரை மட்டும் அவர் ஒருமுறை கேட்டதும் நினைவில் வைத்துக்கொண்டார்.

சிரிப்பும் இருந்தது. மொன்டானாவின் வாலஸ் மெக்ரே எழுதிய மறுபிறவிக் கவிதையைச் சொன்ன நாளில் மாமா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. மறுபிறவி என்றால் என்ன என்று ஒரு மாட்டுக்காரன் கேட்க, அவன் தோழன் விளக்குகிறான்: உன்னைப் புதைப்பார்கள், உன் உடம்பு மண்ணாகும், அதில் புல்லும் பூவும் முளைக்கும், அதைக் குதிரை தின்னும், தின்று சாணியாகப் போடும், அந்த வழியாக நான் வந்து, அதைப் பார்த்து, 'நீ அப்படியொன்றும் மாறிவிடவில்லையே' என்பேன். "இன்னா கண்ணு, சாவுல சிரிக்கிறத நம்ம கிட்ட கத்துகினாங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இராக்காவல் பாட்டைப் பற்றி நான் அவருக்கு விரிவாகச் சொன்னது போன மாதந்தான். இருவர் எதிரெதிராகச் சுற்றி வருவது, மெதுவாகப் பாடுவது, விண்மீனைப் பார்த்து நேரம் கணிப்பது என எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார். மாமாவின் வீட்டிலிருந்து, ஆடுமாடு வெட்டும் கூடமாகிய ஆடுதொட்டி நடந்து போகும் தூரம். பின்னிரவில் லாரிகள் வந்து நிற்பதும், பலகையின் மேல் குளம்புகள் இறங்குவதும் அவர் வீட்டு மாடிக்குக் கேட்கும். நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"சரி, அந்த மாடெல்லாம் கட்சீல எங்க போச்சி?"

அபிலீனில் ரயிலில் ஏற்றுவார்கள் மாமா, சிகாகோவுக்குப் போகும், அங்கே 1865இல் திறந்த பெரிய மாட்டுத் தொட்டி இருந்தது, அங்கே வெட்டுவார்கள் என்றேன்.

"அப்ப மூணு மாசம் தாலாட்டு பாடி இட்டுனு போனது வெட்றதுக்கா?"

அத்தனை புத்தகங்களைப் படித்தும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை. பாட்டின் கனிவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த நான், மாடு இளைக்காமல் போய்ச் சேர்ந்தால்தான் முதலாளிக்கு விலை என்பதையும், மிரண்டு ஓடிய இரவு ஒவ்வொன்றும் எடை குறைந்த இரவு என்பதையும் படித்திருந்தும் சேர்த்துப் பார்க்கவில்லை. பாடியவனுக்கு அது தெரிந்திருக்குமா என்று கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை. நாற்காலிக் கையில் விரல் தட்டத் தொடங்கியது. பாடுவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்த குரல், முதல் அடியில் உடைந்து, இரண்டாம் அடியில் பிடித்துக்கொண்டது:

தூங்குடா என் காளமாடே, தூக்கம் எனக்கு இல்ல
நேத்து தாண்டுன ஆத்தாண்ட நின்ன தோஸ்து இன்னிக்கி இல்ல
முப்பது டாலரு கூலி வாங்குவேன், மறுநாள் கைல இல்ல
சிக்காகோ ரயிலு சீட்டி அடிச்சா, ராசா, நீயும் இல்ல

எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "எய்திக்கோ, பேரு போடாத" என்றார். போடவில்லை.